3-9 இலிருந்து கடைசி 13 விநாடி வரை: ஆபர்னின் 2013 சீசன்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி ஒரு சீசனுக்கு ஆடுவது 12 ஆட்டம். ஐபிஎல்லில் லீக் சுற்றிலேயே 14 ஆடுகிறார்கள். பிறகு ஏன் அங்கே ஊரே வாழ்வா சாவா என்று நிற்கிறது? ஏதாவது ஓர் அணியின் ஒரு சீசனை வைத்து விளக்க முடியுமா?

முடியும். நான் எடுத்துக்கொள்வது அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழக அணி, 2013. அந்த வருடம் அவர்கள் தேசியப் பட்டம் வெல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் 13 விநாடி மிச்சமிருக்கும்போது பட்டம் கைநழுவிப் போனது. இருந்தாலும் அந்த வருடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாம்பியனைவிட ஆபர்னைத்தான் அதிகம் பேசுகிறார்கள். பெரும்பாலும் சொல்வது, "அதிர்ஷ்டக்கார அணி" என்று. அது பாதிதான் சரி என்பது என் கட்சி. மீதிப் பாதியை விளக்கினால் இந்த விளையாட்டே கொஞ்சம் புரிந்துவிடும்.

ஆட்டத்தின் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு, இரண்டு முனையிலும் பத்துப் பத்து யார்டுக்கு எண்ட் சோன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், ஒவ்வொன்றும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். எதிரணியின் எண்ட் சோனுக்குள் பந்தோடு போனால் டச்டவுன், 6 புள்ளி, அதற்குப் பின் ஓர் உதைக்கு 1. அவ்வளவு தூரம் போக முடியவில்லை என்றால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அதுதான் ஃபீல்டு கோல். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி சீசனின் கணக்கு. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் லீக் ஆட்டங்கள் முடிந்துவிடும். ஆபர்ன் இருப்பது எஸ்இசி என்கிற தென்கிழக்கு கான்ஃபரன்ஸில், அதாவது பிராந்திய லீக்கில். அப்போது அதில் 14 அணிகள், கிழக்கு மேற்கு என்று இரண்டு பிரிவு. 8 ஆட்டம் கான்ஃபரன்ஸுக்குள், 4 ஆட்டம் வெளியே. இரண்டு பிரிவிலும் முதலிடம் பிடித்தவர்கள் டிசம்பர் முதல் வாரம் அட்லாண்டாவில் மோதுவார்கள். தேசியப் பட்டத்துக்கு அன்று ப்ளேஆஃப் எதுவும் கிடையாது. வாக்கெடுப்புகளையும் கணினித் தரவரிசைகளையும் கலந்து நாடு முழுவதிலிருந்தும் இரண்டே அணிகளைத் தேர்ந்தெடுத்து ஒரே ஓர் ஆட்டம் ஆடவிடுவார்கள். பிசிஎஸ் என்ற அந்த முறைக்கு 2013 சீசன்தான் கடைசி.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு தோல்வி வந்தாலே தலைக்கு மேல் கத்தி தொங்கும். இரண்டு வந்தால் அநேகமாகக் கதை முடிந்தது. 2007 இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) இரண்டு தோல்வியோடு பட்டம் வென்றது, ஆனால் அது விதிவிலக்கு. ஐபிஎல்லில் ஐந்து தோற்றுவிட்டும் கோப்பையைத் தூக்கலாம். இங்கே செப்டம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை ஜனவரியின் கனவைக் கொன்றுவிடும். கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது: ஆட்டங்கள் குறைவு என்பதால்தான் அந்த வெறி.

மற்றப் பாதி ஊர். அலபாமா மாநிலத்தில் தொழில்முறை என்எஃப்எல் அணி கிடையாது. அங்கே பிறந்தவருக்கு ஆபர்ன், அலபாமா பல்கலைக்கழகம் என இரண்டில் ஒன்றுதான், அதுவும் வீட்டில் வைத்தே முடிவாகிவிடும். ஆபர்ன் நகரின் மக்கள்தொகை அப்போது 60,000 ஐத் தொடவில்லை. அங்குள்ள ஜோர்டன்-ஹேர் ஸ்டேடியத்தில் அன்று இருக்கைகள் 87,451. ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை அரங்கத்துக்குள் இருக்கும் கூட்டம் ஊரைவிடப் பெரியது. ஆபர்னும் அலபாமாவும் மோதும் ஆட்டத்துக்கு அயர்ன் பௌல் என்று பெயர். முதலில் ஆடியது 1893 இல். 1907 க்குப் பிறகு சண்டை போட்டுக்கொண்டு 41 வருடம் ஆடாமலே இருந்து, 1948 இல் மீண்டும் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் இரும்பு உருக்கும் நகரமான பர்மிங்ஹாமில்தான் நடந்தது. ஆபர்ன் தன் சொந்த மைதானத்தில் அலபாமாவை முதன்முதலில் எதிர்கொண்டது 1989 இல்தான்.

சரி, 2013 க்கு வருவோம். அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்லாமல் அது புரியாது.

2010 இல் ஆபர்ன் தேசிய சாம்பியன். கேம் நியூட்டன் குவார்ட்டர்பேக் (தாக்குதலைத் தொடங்கிவைத்துப் பந்தை எறிபவர்), ஜீன் சிசிக் தலைமைப் பயிற்சியாளர், தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்தவர் கஸ் மால்சான். இரண்டே வருடத்தில் அதே அணி 3 வெற்றி, 9 தோல்வி என்று கவிழ்ந்தது. எஸ்இசி ஆட்டங்கள் எட்டிலும் தோல்வி. டெக்சஸ் ஏ&எம் 63-21, ஜார்ஜியா 38-0, கடைசியில் அலபாமா 49-0. மறுநாளே சிசிக் வேலையை இழந்தார். பட்டம் வென்று கொடுத்த மனிதருக்கு இரண்டு வருடம்கூடப் பொறுமை காட்டவில்லை. ஒப்பந்தத்தை முறித்ததற்குச் சுமார் 75 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பினார்கள். களத்தில் ஆடும் மாணவர்களுக்கு அன்று கல்வி உதவித்தொகைதான், சம்பளம் கிடையாது. இந்த முரண்பாடு அன்றைக்கே பலருக்கு உறுத்தியது. இன்று வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், ஆனால் அந்த அனுமதி 2021 இல்தான் வந்தது.

இதற்கு நடுவே மரங்கள் வேறு. ஆபர்னில் டூமர்ஸ் கார்னர் என்ற சந்திப்பில் இரண்டு பெரிய ஓக் மரங்கள் நின்றன. அணி வென்றால் கழிப்பறைக் காகிதச் சுருள்களை அந்தக் கிளைகள் மேல் எறிந்து மரத்தையே வெள்ளையாக்கிவிடுவார்கள். 2010 அயர்ன் பௌலில் தன் அணி தோற்ற கடுப்பில் ஓர் அலபாமா ரசிகர் அந்த மரங்களின் வேரில் களைக்கொல்லி ஊற்றிவிட்டு, 2011 ஜனவரியில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்து அதைப் பெருமையாகச் சொன்னார். நீதிமன்றம் வரை போன விவகாரம். மரங்களைக் காப்பாற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள், முடியவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டி அகற்றினார்கள். ஆக, ஆபர்ன் 2013 சீசனுக்குள் நுழையும்போது 0-8 என்ற கணக்கும், மரமில்லாத ஒரு தெருமுனையும் இருந்தன. காகிதம் எறிய வசதியாகக் கம்பம் நட்டுக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

புதிய தலைமைப் பயிற்சியாளராக மால்சான் திரும்பி வந்தார். இடையில் ஒரு வருடம் ஆர்கன்சாஸ் ஸ்டேட் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்தவர். மூக்குக்கண்ணாடி, கையில்லா ஸ்வெட்டர் என்று பார்க்கக் கணக்கு வாத்தியார் மாதிரி இருப்பார். 2006 க்கு முன்பு வரை ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பள்ளி அணிகளுக்குத்தான் பயிற்சியளித்தார். அவருடைய தத்துவம் வேகம். ஒரு டவுன் முடிந்ததும் கூடி நின்று அடுத்த திட்டத்தைப் பேசும் வழக்கத்தை ஒழித்துவிட்டு, உடனே வரிசையில் நின்று அடுத்ததை ஆடுவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. தாக்கும் அணி ஆளை மாற்றினால்தான் தடுக்கும் அணிக்கு ஆளை மாற்ற நேரம் கொடுக்கவேண்டும் என்பது விதி. மால்சான் ஆளை மாற்றமாட்டார். எதிரணியில் 140 கிலோ எடையுள்ள ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு களத்திலேயே நிற்கவேண்டியதுதான். இது வீரர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அந்தக் கோடையில் ஆர்கன்சாஸ் பயிற்சியாளர் பிரெட் பீலமா குறைசொல்ல, இருவருக்கும் பத்திரிகைகள் வழியே வாய்ச்சண்டை நடந்தது. அடுத்த வருடம் இந்த வேகத்தைக் குறைக்க ஒரு விதி மாற்றமே முன்மொழியப்பட்டு, கைவிடப்பட்டது.

குவார்ட்டர்பேக் நிக் மார்ஷலின் பாதை இன்னும் விசித்திரம். அவர் முதலில் ஜார்ஜியா அணியில் தடுப்பாட்டக்காரராகச் சேர்ந்தவர். விதிமீறலுக்காக 2012 தொடக்கத்தில் வெளியேற்றப்பட்டார். கான்சாஸ் மாநிலத்தில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய் அங்கே குவார்ட்டர்பேக் ஆடினார். ஆபர்னுக்கு வந்ததே 2013 கோடையில்தான். வசந்தகாலப் பயிற்சி எதிலும் இல்லை. ஆகஸ்டில் அவர்தான் முதல் குவார்ட்டர்பேக் என்று அறிவித்தார்கள்.

இனி அந்தத் தாக்குதலின் அடிப்படை. இதைப் புரிந்துகொண்டால் அதிர்ஷ்டப் பேச்சு எங்கே நொண்டுகிறது என்று தெரியும். வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை, வாங்கி ஓடும் ஆளான ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். அதாவது 11 தடுப்பாளர்களுக்கு எதிராக உண்மையில் 10 பேர்தான் வேலை செய்கிறார்கள். மார்ஷல் ஆடியது சோன் ரீட். எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். மார்ஷல் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே அந்த ஆளைக் கண்ணால் பார்ப்பார். அவர் ரன்னிங் பேக் மீது பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு தானே வெளியே ஓடுவார். அவர் வெளியே நின்று காத்திருந்தால் பந்தை அப்படியே விட்டுவிடுவார். தொடாமலேயே ஓர் ஆளைக் கணக்கிலிருந்து கழித்தாகிவிட்டது. அவரை மறிக்காததால் மிச்சமாகும் ஓர் ஆள் உள்ளே வேறொருவரை அடிக்கப் போவார். பார்வைக்கு எளிது. ஆனால் முடிவெடுக்க அரை விநாடிதான்.

பந்தை வாங்கி ஓடியவர் ட்ரே மேசன். அவருக்கு வழி திறந்தவர்கள் இடது ஓரத்தில் கிரெக் ராபின்சன் (அடுத்த வருட என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது வீரர் தேர்வில், இரண்டாவதாக எடுக்கப்பட்டார்), நடுவில் ரீஸ் டிஸ்மியூக்ஸ், கூடவே ஜே பிராஷ் என்ற முரட்டு ஃபுல்பேக். சீசன் முடிவில் ஆபர்ன் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 328 யார்டு ஓடியிருந்தது. அந்த வருடம் நாட்டிலேயே அதுதான் முதலிடம். மேசன் 1,816 யார்டு, மார்ஷல் 1,068 யார்டு. இது நாணயத்தைச் சுண்டிப் போட்டு வருகிற எண் இல்லை.

தொடக்கம் அவ்வளவு பிரமாதமாக இல்லை. வாஷிங்டன் ஸ்டேட்டை 31-24 என்று தட்டுத் தடுமாறி வென்றார்கள். செப்டம்பர் 14 இல் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 20-17 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் 88 யார்டு நகர்த்தி, 10 விநாடி மிச்சமிருக்க சி.ஜே. உசோமாவுக்கு மார்ஷல் டச்டவுன் எறிந்தார். 24-20. தொடர்ந்து 10 எஸ்இசி ஆட்டங்களில் தோற்றிருந்த அணிக்கு அது முதல் மூச்சு. பிரபலமான ஆட்டங்களின் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் சீசனே இங்கேதான் பிறந்தது. அடுத்த வாரம் மழையில் எல்எஸ்யூவிடம் 35-21 தோல்வி. இடைவேளையில் 21-0 என்று கிடந்தவர்கள், இரண்டாம் பாதியில் ஓட்டத்தை நம்பி 21 புள்ளி எடுத்தார்கள். அதன்பின் டிசம்பர் முடியும்வரை தோற்கவே இல்லை.

அக்டோபர் 19 இல் டெக்சஸ் ஏ&எம் மைதானத்தில், முந்தைய வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது நாயகன் ஜானி மான்செலை எதிர்கொண்டார்கள். அவர் 454 யார்டுக்குப் பந்து எறிந்தார். அப்படியும் 45-41 என்று ஆபர்ன் வென்றது. மேசன் கடைசி நிமிடங்களில் டச்டவுன் போட, ஆபர்ன் தடுப்பாளர் டீ ஃபோர்டு மான்செலை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். நாடு இவர்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது அன்றுதான். நடுவில் வந்த மற்ற ஆட்டங்கள் எளிதாகக் கடந்தன. ஆர்கன்சாஸ் 35-17, டென்னசி 55-23.

பிறகு நவம்பர் 16. ஜார்ஜியா. தென்பகுதியின் மிகப் பழைய மோதல்களில் ஒன்று, 1892 முதல் நடப்பது. மார்ஷலை வெளியே அனுப்பிய அதே ஜார்ஜியா. ஆட்டத்தின் கடைசிக் கால்பங்கான நான்காவது காலாட்டத்தில் ஆபர்ன் 37-17 என்று முன்னிலை. வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பார்த்தால், ஜார்ஜியா மூன்று டச்டவுன் அடுத்தடுத்துப் போட்டு 38-37 என்று ஏறிவிட்டது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். ஆபர்னுக்கு நான்காவது டவுன், தேவை 18 யார்டு. மார்ஷல் பந்தை நடுவில் மிக ஆழமாக எறிந்தார். அங்கே ரிக்கார்டோ லூயிஸ் மட்டும் இல்லை, ஜார்ஜியாவின் இரண்டு தடுப்பாளர்களும் இருந்தார்கள். இருவரும் எகிறினார்கள். அதில் ஒருவர் கையில் பட்டுப் பந்து மேலே துள்ளி, இருவரையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்த லூயிஸின் தோளுக்கு மேலாக வந்து கையில் விழுந்தது. 73 யார்டு டச்டவுன். 25 விநாடி பாக்கி. 43-38. அந்தப் பந்தைப் பிடிக்காமல் வெறுமனே கீழே தட்டியிருந்தால் ஜார்ஜியா வென்றிருக்கும். எகிறிய இருவரில் ஒருவரான ட்ரே மாத்யூஸ் அடுத்த வருடம் ஆபர்னுக்கே மாறிவிட்டார் என்பது உபரித் தகவல்.

இது சுத்தமான அதிர்ஷ்டம். இதில் வாதாட ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்து நவம்பர் 30, அயர்ன் பௌல். அலபாமா 11-0, நாட்டின் முதலிடம், பயிற்சியாளர் நிக் சேபனின் கீழ் 2011, 2012 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன், மூன்றாவதைக் குறிவைத்து வருகிறார்கள். ஆபர்ன் 10-1, நான்காமிடம். வென்றவருக்கு அட்லாண்டா டிக்கெட். வருடத்துக்கு முன் 49-0 என்று தோற்ற அதே எதிரி.

இந்த ஆட்டத்தை எல்லோரும் கடைசி விநாடியிலிருந்து சொல்வார்கள். நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். நான்காவது காலாட்டம், 21-21. ஆபர்ன் உதைத்த பந்து அலபாமாவின் 1 யார்டு கோட்டில் நின்றது. அடுத்ததாக ஏ.ஜே. மெக்காரன் எறிந்த பந்தைப் பிடித்து அமாரி கூப்பர் 99 யார்டு ஓடினார். 28-21. இன்னொரு அணியாக இருந்தால் அங்கேயே நொறுங்கியிருக்கும். பிறகு அலபாமா ஆபர்னின் 13 யார்டு கோடு வரை வந்து, நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது, உதைக்காமல் ஓடிப் பார்த்தது. ஆபர்ன் அடைத்துவிட்டது. அலபாமாவின் உதைப்பாளர் கேட் ஃபாஸ்டருக்கு அன்று எதுவும் அமையவில்லை. மூன்று ஃபீல்டு கோல் முயற்சி வீணாயிற்று, மூன்றாவது தடுக்கப்பட்டது, இரண்டரை நிமிடம் போல மிச்சமிருக்கும்போது.

ஆபர்ன் தன் 35 யார்டு கோட்டிலிருந்து தொடங்கியது. மேசன் ஓடினார், மறுபடி மேசன், மறுபடி மேசன். ஏழு புள்ளி பின்தங்கி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தை எறிவதுதான் வழக்கம். இவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையே செய்தார்கள். 39 யார்டு மிச்சமிருக்கும்போது அதே சோன் ரீட். மார்ஷல் பந்தை உருவிக்கொண்டு இடதுபுறம் ஓடுவதைப் பார்த்த அலபாமா கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடுபவரைக் காவல் காப்பவர்), அவரை மறிக்க முன்னே வந்தார். அவர் விட்டுவிட்டு வந்த ஆள் சாமி கோட்ஸ், பின்னால் தன்னந்தனியாக நிற்கிறார். மார்ஷல் ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டும் முன் பந்தை அவருக்கு எறிந்தார். டச்டவுன், 28-28, 32 விநாடி பாக்கி. ஆபர்ன் முன்வரிசை ஆட்கள் பாஸுக்கு முன்பே அனுமதித்த 3 யார்டைத் தாண்டிவிட்டார்கள் என்று அலபாமா ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுவார்கள். விதிமீறல் என்று நடுவர் கொடி வீசவில்லை.

என்னைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்தின் உச்சம் இதுதான். 50 நிமிடத்துக்கும் மேலாக ஓடி ஓடிக் காட்டியதன் பலன், அந்தக் கார்னர்பேக் எடுத்து வைத்த இரண்டு அடி. அன்று அலபாமா மாதிரியான தடுப்புக்கு எதிராக ஆபர்ன் ஓடியது 296 யார்டு.

இப்போது அந்த விநாடி. அலபாமா கடைசியாக ஓடி எல்லைக்கோட்டுக்கு வெளியே போனபோது கடிகாரம் பூஜ்யம் காட்டியது. கூடுதல் நேர ஆட்டத்துக்குத் தயாராகிறார்கள். இன்னும் ஒரு விநாடி இருந்தது என்று சேபன் வாதாடினார். வீடியோ பார்த்து, ஒரு விநாடி சேர்க்கப்பட்டது. கேட்டு வாங்கிய அந்த ஒரு விநாடியில் 57 யார்டு ஃபீல்டு கோல் முயற்சி. ஃபாஸ்டருக்குப் பதில் ஆடம் கிரிஃபித், போலந்தில் பிறந்து ஒரு ஜார்ஜியா குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்ட இளைஞர். மால்சான் டைம்அவுட் கேட்டு, எண்ட் சோனில் பின்னால் நிற்க கிறிஸ் டேவிஸை அனுப்பினார்.

ஏன் பின்னால் ஓர் ஆள்? உதை குறையாக விழுந்தால் அதைப் பிடித்து ஓடலாம் என்பது விதி. அதைவிட முக்கியம், ஃபீல்டு கோல் உதைக்கும்போது களத்தில் இருப்பவர்கள் எல்லாம் மறிப்பதற்காக நிறுத்திய கனத்த ஆட்கள். வேகமாக ஓடும் ஒருவரைத் திறந்தவெளியில் துரத்திப் பிடிக்க அவர்களால் முடியாது. பந்து குறையாக விழுந்தது. எண்ட் சோனுக்குள் ஏறக்குறைய கடைசிக் கோட்டருகே டேவிஸ் பிடித்தார். நடுவே ஓடத் தொடங்கி, இடது ஓரத்துக்குத் திரும்பி, கோட்டை ஒட்டியே மைதானம் முழுவதையும் கடந்தார். 34-28. அமெரிக்கர்கள் இதை கிக் சிக்ஸ் என்பார்கள். ஆபர்னின் வானொலி வர்ணனையாளர் ராட் பிராம்ப்ளெட் அந்த நொடியில் தொண்டை கிழியக் கத்திய ஒலிப்பதிவு இன்னும் சுற்றுகிறது. 2019 இல் அவரும் மனைவியும் ஒரு சாலை விபத்தில் இறந்தபோது ஊரே அழுதது.

இதன் அசிங்கமான பக்கத்தையும் சொல்லவேண்டும். கேட் ஃபாஸ்டர் என்ற கல்லூரி மாணவருக்குச் சமூக ஊடகங்களில் கொலை மிரட்டல்கள் வந்தன. அவருடைய சட்டை எண் 43. அமெரிக்காவின் 43 ஆவது அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதைக் குறிப்பிட்டு ஓர் ஆறுதல் கடிதம் எழுதினார்.

டிசம்பர் 7, அட்லாண்டா. எதிரணி மிசௌரி, அதுவரை ஒரே தோல்வி கண்ட அணி. அதிர்ஷ்டம் என்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிற ஆட்டம் இது. ஆபர்ன் 545 யார்டு ஓடியது. திரும்பப் படியுங்கள், ஓடியது மட்டும் 545. மேசன் 46 முறை பந்தைத் தூக்கி 304 யார்டு, 4 டச்டவுன். 59-42. எதிரணிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அதே இரவு இண்டியானபோலிஸில், தொடர்ந்து 24 ஆட்டம் வென்றிருந்த ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட்டிடம் 34-24 என்று தோற்றது. இரண்டாவது இடம் காலியாயிற்று. ஆபர்ன் தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போனது.

2014 ஜனவரி 6, கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானம். ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, அந்த சீசனில் ஒவ்வோர் ஆட்டத்தையும் குறைந்தது 14 புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணி. குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டனுக்கு அன்று 20 ஆவது பிறந்தநாள். ஆபர்ன் 21-3 என்று முன்னிலை பெற்றது. ஃப்ளோரிடா ஸ்டேட் ஒரு போலிப் பன்ட் மூலம், அதாவது பந்தை உதைத்து அனுப்புவதுபோல் பாசாங்கு செய்து, பந்தைத் தக்கவைத்துக்கொண்டு மெல்ல மீண்டது. நான்காவது காலாட்டத்தில் கெர்மிட் விட்ஃபீல்டு ஆபர்ன் உதைத்த பந்தைப் பிடித்து 100 யார்டு ஓடினார். மேசன் 37 யார்டு ஓடி, 1 நிமிடம் 19 விநாடி இருக்கும்போது 31-27 என்று முன்னிலையை மீட்டார். போதவில்லை. வின்ஸ்டன் 80 யார்டு நகர்த்தினார். அந்த நகர்வில் முக்கியமான ஒரு தருணத்தில், பாஸைத் தடுக்கும்போது விதிமீறினார் என்று கொடி விழுந்தது கிறிஸ் டேவிஸ் மீது. ஆம், அதே டேவிஸ். பந்து 2 யார்டு கோட்டுக்குப் போனது. அடுத்து கெல்வின் பெஞ்சமினுக்கு டச்டவுன். 13 விநாடி. 34-31. 2006 முதல் ஏழு வருடம் தொடர்ந்து எஸ்இசி வைத்திருந்த பட்டம் அன்று கைமாறியது.

சரி, அதிர்ஷ்டக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 8 புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள் ஏழு: வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட், ஓல் மிஸ், டெக்சஸ் ஏ&எம், ஜார்ஜியா, அலபாமா, ஃப்ளோரிடா ஸ்டேட். ஆறில் வெற்றி, கடைசியில் மட்டும் தோல்வி. நெருக்கமான ஆட்டங்கள் ஒரே பக்கமாக இப்படிச் சாய்வது வருடா வருடம் நடக்காது. 2014 இல் ஏறக்குறைய அதே தாக்குதலோடு ஆபர்ன் 8-5. டெக்சஸ் ஏ&எம்மிடம் சொந்த மைதானத்தில், கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டு முறை பந்தைத் தவறவிட்டு 41-38 என்று தோற்றார்கள். ஆக, அதிர்ஷ்டம் இருந்தது, அடுத்த வருடம் விலகிப் போனது.

ஆனால் அந்த ஆறு ஆட்டங்களிலும் கடைசி நிமிடத்தில் வெற்றி எட்டும் தூரத்தில் இருந்ததே, அது எப்படி? 0-8 அணியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது அந்த ஓட்ட ஆட்டம். ஜார்ஜியாவுக்கு எதிரான பந்து துள்ளியது தற்செயல். அலபாமாவை ஒரு விநாடி கேட்டு வாங்கும் நெருக்கடிக்குத் தள்ளியது தற்செயல் இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு "அதிசய சீசன்" என்று ஒட்டுவது மால்சானுக்கும் அந்த ஐந்து முன்வரிசைக்காரர்களுக்கும் செய்யும் அநியாயம்.

மால்சான் எட்டு சீசன் இருந்தார். ஒரு சீசன்கூடத் தோல்விக் கணக்கில் முடியவில்லை, அலபாமாவை மூன்று முறை வென்றார். 2020 டிசம்பரில் அவரையும் அனுப்பினார்கள், இம்முறை கொடுத்தது 2 கோடி டாலருக்கும் மேல். மார்ஷலை என்எஃப்எல்லில் ஜாக்சன்வில் அணி மீண்டும் தடுப்பாட்டக்காரராகத்தான் எடுத்துக்கொண்டது. டூமர்ஸ் கார்னரில் 2015 இல் புது மரங்கள் நட்டார்கள். தேசியப் பட்டத்துக்கு 2014 முதல் நான்கு அணி ப்ளேஆஃப், 2024 முதல் பன்னிரண்டு அணி. எனவே ஒரு தோல்வியின் எடை இன்று அன்றளவுக்கு இல்லை.

பார்க்க ஆசைப்பட்டால், கிக் சிக்ஸின் அந்த அரை நிமிடக் காணொளியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அயர்ன் பௌலின் நான்காவது காலாட்டத்தை, அந்த 99 யார்டு டச்டவுனிலிருந்து, முழுதாகப் பாருங்கள். பிறகு மிசௌரி ஆட்டம். அதில் பந்தைப் பார்க்கவேண்டாம். ஒவ்வொரு முறையும் மறிக்காமல் விடப்பட்ட அந்த ஓரத் தடுப்பாளர் எந்தப் பக்கம் போகிறார் என்று மட்டும் பாருங்கள். பத்து ஆட்டத் தருணத்துக்குள் அடுத்து பந்து யாரிடம் இருக்கப்போகிறது என்று நீங்களே சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.